தஞ்சாவூர் போய் வந்த ஏரி

அதுவரை நூற்றுக்கணக்கான ஏரிகளைப் பார்த்திருந்தேன். ஒன்றிலும் கால் நனைத்ததில்லை. சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் தண்ணீர் எது, பயிர் எது, வெறுந்தரை எது என்று பிரித்துக் குறிப்பது என் வேலை. அந்தப் படங்களில் தண்ணீர் கறுப்பாகவோ கருநீலமாகவோ தெரியும். பச்சைச் செடிகளெல்லாம் சிவப்பாகத் தெரியும். ஏன் சிவப்பு என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்தவர்கள் மறுபடியும் ஏன் சிவப்பு என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

2003 பங்குனியில் எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேஜையில் அரியலூருக்கும் திருமானூருக்கும் நடுவிலிருக்கும் ஒரு பெரிய ஏரியின் மூன்று படங்கள் இருந்தன. மூன்றும் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்தவை. துவைக்கத் துவைக்கச் சுருங்கும் பருத்திச் சட்டை மாதிரி ஏரி படத்துக்குப் படம் சின்னதாகிக்கொண்டு வந்தது. ஆனால் கடைசிப் படத்தில், ஏரிக்கு வடக்கே, முன்பு ஒன்றுமில்லாத இடத்தில் கருநீலத்தில் ஒரு திட்டு முளைத்திருந்தது. நான் அதற்குப் ‘புதிய நீர்நிலை’ என்று பெயர் வைத்திருந்தேன். இயக்குநருக்கு அந்தத் திட்டின்மேல் தனிப் பிரியம். "ஒரு பக்கம் குறைஞ்சா இன்னொரு பக்கம் கூடியிருக்கு. மொத்தத்துல பெரிய நஷ்டமில்ல" என்று அறிக்கையின் கடைசிப் பத்தியை முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்.

"போய் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துடுங்க" என்றார்.

முதல் நாள் பெரம்பலூர். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நான் அரியலூர்ப் பக்கம் போகிறேன் என்றதும், "ரயில்ல போயிருந்தா நேரா அங்கயே எறங்கியிருக்கலாமே" என்றார். இறங்கிய பிறகு ஆட்டோக்காரர் அதையே சொன்னார். டீக்கடைக்காரரும் சொன்னார். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆனால் அனுமதிக் கடிதம் பெரம்பலூரில்தான் தருவார்கள் என்று மூன்று பேரிடமும் விளக்கினேன். மூவரும் அனுதாபத்தோடு தலையசைத்தார்கள்.

அலுவலகத்தில் ஓர் எழுத்தர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். எங்கள் துறையில் படத்தில் கண்டதை நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. அதை யாரோ தமிழில் ‘தரை உண்மை சரிபார்ப்பு’ என்று தட்டச்சு செய்து தந்திருந்தார்கள்.

"தரைன்னா கட்டடப் பிரிவுங்க. மாடிக்குப் போங்க."

மாடியில் ஒரு பொறியாளர் கடிதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சென்னையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். என்னைப் புதிதாகத் தளம் போட்ட ஒரு கூடத்துக்கு அழைத்துப் போய், ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது மெல்ல நகர்ந்து மூலையிலிருந்த துவாரத்துக்குப் போனது.

"பாருங்க மேடம், எங்கயும் தேங்காது. வாட்டம் அப்படி வெச்சிருக்கோம்."

அதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு கவலை இருந்ததால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தேன். "நல்லா வந்திருக்கு" என்றேன். அவர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பக் கீழே வந்து, வரைபடத்தையே மேஜையில் விரித்து எழுத்தருக்கு விளங்க வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே நாங்கள் போட்டிருந்த மாவட்ட எல்லைக் கோட்டில் விரலை வைத்தார்.

"இந்தக் கோடு இப்பக் கெடையாதுங்க. ரெண்டா பிரிச்சாங்க, போன வருஷம் மறுபடி ஒண்ணாக்கிட்டாங்க."

"அப்ப அழிச்சிடவா?"

கொஞ்சம் யோசித்தார். "வேணாம். லேசா வெச்சிருங்க. வந்தாலும் வரும்."

அன்றைய சாப்பாட்டில் சாம்பார் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். சென்னை ஓட்டல் சாம்பாரில் ஒரு சின்ன வெங்காயம் அகப்பட்டால் அது ஒரு சம்பவம். இங்கே வெங்காயத்தின் நடுவில் சாம்பாரைத் தேட வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் காடுகளில் அதுதான் விளைகிறது என்றார் பரிமாறியவர். இரண்டாவது முறை கேட்டபோது வாளியையே பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் காலை அரியலூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் பேருந்தில் ஏறினேன். படத்தைச் சுருட்டி ஆளுயர அட்டைக்குழாயில் வைத்திருந்தேன். நடத்துநர் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னங்க?"

"ஏரி" என்றேன். தூக்கக் கலக்கம்.

"ஏரிக்கெல்லாம் லக்கேஜ் போடறதில்லீங்க" என்று சொல்லி, அதை வாங்கி ஓட்டுநருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

அரியலூர் நெருங்க நெருங்க சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கை வெள்ளைத் தூளை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போனது. இறங்கும்போது என் புருவம் நரைத்திருந்தது. முகம் கழுவ வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு இறங்கி, குழாயடியில் நின்று கழுவி, துடைத்து, நிமிர்ந்தபோது பேருந்து தஞ்சாவூருக்குப் போய்விட்டிருந்தது. ஏரியும் போய்விட்டது.

பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் பதறவே இல்லை. "அதே வண்டிதான் சாயங்காலம் திரும்பி வரும். அதுவரைக்கும் டீ சாப்பிடுங்க."

பகல் முழுவதும் டீ சாப்பிட்டேன். இயக்குநரிடம் என்ன சொல்வது என்று பல வாக்கியங்கள் தயாரித்தேன். சாயங்காலம் வண்டி வந்தது. நடத்துநர் குழாயைக் கையில் பிடித்தபடியே இறங்கினார்.

"பொழுது போகலீங்க, பிரிச்சுப் பாத்துட்டோம். தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊரைக் கண்டுபுடிச்சிட்டேன்."

விரித்துப் பார்த்தேன். பேருந்திலிருந்த பாதிப் பேர் பேனா வைத்திருந்திருக்கிறார்கள். ‘என் ஊர்’ என்று நான்கு வட்டங்கள். ஒரு ஊருக்குப் பக்கத்தில் ‘மாமியார் வீடு’. ஏரிக்குள் நான் வயல் என்று குறித்திருந்த சிவப்பின் மேல் ஒருவர், ‘இது பயிர் இல்லை, நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலும்’ என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, இயக்குநருக்குப் பிடித்த கருநீலத் திட்டில், ‘புதிய நீர்நிலை’ என்பதை அடித்துவிட்டு, திருத்தமான கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘இது ஏரி இல்லை. கல் எடுத்த பள்ளம். ஆழம் அதிகம். குளிக்க வேண்டாம்.’

"இதை யார் எழுதினது?"

"லாரி ஓட்டறவருங்க. கீழப்பழுவூர்ல எறங்கிட்டாரு. அவரு எழுதினா சரியாத்தான் இருக்கும்."

ஆறு வருட வேலையில் என் வரைபடத்தை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியாமல் விடுதிக்குப் போனேன்.

மூன்றாம் நாள். ஏரிக்கு அருகிலிருக்கும் ஊரின் ஊராட்சித் தலைவருக்குத் தகவல் போயிருந்தது. அந்த ஊருக்குப் பிரியும் விலக்குச் சாலையில் இறங்கியபோது புளியமரத்தடியில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளும், டி.வி.எஸ். 50 வண்டியோடு ஒருவரும் நின்றிருந்தார்கள்.

"சார் வரலீங்களா?" என்றார் அம்மாள்.

"நான்தான் வந்திருக்கேன். தலைவர் வரலீங்களா?"

"நான்தான் தலைவரு." இருவரும் ஒரு விநாடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "சரி, ரெண்டு பேருக்கும் கணக்கு நேராயிடுச்சு. ஏறுங்க."

அவர் பெயர் பழனியம்மாள். வண்டி ஓட்டியவர் அவர் கணவர் ராமசாமி. மூன்று பேர், ஓர் அட்டைக்குழாய், ஒரு பை. வண்டி நடைவேகத்தில் போனது. ராமசாமி அதிகம் பேசுகிறவர் இல்லை. பள்ளம் வந்தால் "புடிச்சுக்குங்க" என்பார். அது பெரும்பாலும் பள்ளத்துக்குப் பிறகு வந்தது.

ஏரிக்கரை மேல் ஏறியதும் நான் கண்ணை மூடித் திறந்தேன். ஏரி இருக்க வேண்டிய இடத்தில் புதர். கண்ணுக்கெட்டிய வரை காட்டாமணக்கின் ஊதாப் பூக்களும் கருவேல முள்ளும். எங்கோ நடுவில் வேட்டியின் கரை மாதிரி ஒரு கீற்றுத் தண்ணீர். அதில் நாலைந்து கொக்குகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பேனா பிடித்த அந்தப் பயணி சொன்னது சரி. நான் இதையெல்லாம் பயிர் என்று எழுதியிருந்தேன்.

இருக்குமிடத்தைக் காட்டும் கைக்கருவி ஒன்றைத் தந்து அனுப்பியிருந்தார்கள். வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் அசையாமல் நின்றால்தான் அது வேலை செய்யும். நான் அப்படி நிற்பதைப் பார்த்து மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களும் வயலில் இருந்தவர்களும் வந்து சுற்றி நின்றார்கள்.

"சிக்னல் கெடைக்கலீங்களா? பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில ஏறுனா கெடைக்கும்" என்றார் ஒருவர்.

ஏரியின் எல்லை எங்கே என்று கேட்டேன். அதுதான் நான் செய்த தவறு. ஒருவர் கிழக்கே கூட்டிப் போய் ஒரு வரப்பைக் காட்டி, ஏரி இதோடு முடிகிறது என்றார். வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய நெல். இன்னொருவர் அதெல்லாம் இல்லை என்று வேறொரு பனைமரத்தைக் காட்டினார். பனைக்கு அந்தப் பக்கம் அவருடைய சோளம். மூன்றாமவர் காட்டிய எல்லை முதலிருவருடைய வயல்களையும் ஏரிக்குள் தள்ளிவிட்டு, தன் கரும்பை மட்டும் வளைத்துக்கொண்டு போனது. நான்காமவரும் தன் பங்குக்கு ஓர் எல்லை காட்டினார். அன்று பகலில் நான் ஏரியை நான்கு முறை அளந்தேன். நான்கு ஏரிகள் கிடைத்தன.

கடைசியில், பையில் கொண்டுவந்திருந்த, மூன்றில் மிகப் பழைய படத்தை எடுத்தேன். அதில் ஏரி முழுதாக, கறுப்பாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கருவியைப் பார்த்தபடியே நடந்தேன். பழனியம்மாளும் ராமசாமியும் பின்னால் வந்தார்கள். புள்ளி ஒரு கரும்புத் தோட்டத்தின் நடுவில் விழுந்தது. நல்ல கரும்பு. ஆளைவிட உயரம்.

"இது யாருதுங்க?"

ராமசாமி வானத்தைப் பார்த்தார். பழனியம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களுதுதான்" என்றார்.

வண்டியில் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனோம். பள்ளம் வந்தபோது ராமசாமி ‘புடிச்சுக்குங்க’ என்று சொல்லவில்லை.

சாப்பாடு அவர்கள் வீட்டில். சோறும் கருவாட்டுக் குழம்பும். அது நாகப்பட்டினத்துக் கருவாடு என்றார் பழனியம்மாள். ஏரிக்கரையில் உட்கார்ந்து கடல் மீன் சாப்பிடுகிறோம் என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு என் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மெட்ராஸ்ல உங்க வூடு எங்கம்மா இருக்கு?"

"அடுக்குமாடிதான் அக்கா. ஏரிக்கரைத் தெரு."

"காத்து நல்லா வரும்."

"ஏரி இல்லைக்கா. பேரு மட்டும்தான்."

"ஏரி எங்க போச்சு?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்பு இருக்குமிடம் பழைய படங்களில் எப்படித் தெரியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாங்குவதற்கு முன்பே ஒரு நாள் அலுவலகத்தில் பார்த்து, பேசாமல் திரையை மூடியிருக்கிறேன்.

"நாங்க இருக்கறதே ஏரியிலதான்" என்றேன்.

பழனியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க ஏரிக்குள்ள குடியிருக்கீங்க. நான் ஏரிக்குள்ள கரும்பு போட்டிருக்கேன்." பிறகு, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கிங்க" என்றார்.

நான்காம் நாள் பள்ளத்தைப் பார்க்கக் கிளம்பினோம். பழனியம்மாள் வழியில் ஓடையைக் காட்டிக்கொண்டே வந்தார். மழைக் காலத்தில் வடக்கேயிருந்து தண்ணீர் இந்த ஓடையில்தான் ஏரிக்கு வரும். இப்போது மணலும் முள்ளும். ஓடையைப் பிடித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் அது கத்தியால் நறுக்கியது மாதிரி நின்றது. அதற்கு மேல் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

என் கையிலிருந்த கருவியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "இங்க போட்டோ எடுக்கக் கூடாதுங்க."

"இது கேமரா இல்லீங்க. போட்டோ ஏற்கெனவே எடுத்தாச்சு." படத்தை விரித்துக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. "இது எப்ப எடுத்தது?"

"ஜனவரியில."

"பகல்லயா?"

"காலை பத்தரை மணிக்கு."

"அப்ப என் ட்யூட்டிங்க." குரல் இறங்கிவிட்டது. "எந்தப் பக்கமா நொழைஞ்சாங்க?"

மேலே கையைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, மேலே இருப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று ஒரு தெளிவுக்கு வந்தவராக, வேலியோரமாக நின்று பார்த்துவிட்டுப் போக அனுமதித்தார்.

அழகான தண்ணீர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, அடி தெரியாத நீலப் பச்சை. கல் எடுத்து முடித்துவிட்டு விட்டுப்போன குழி. எதிர்ப்புறத்தில், ஓடை அதன் விளிம்புவரை வந்து உள்ளே விழுந்திருந்த தடம் சுவரில் பழுப்பாகத் தெரிந்தது. ஏரிக்குப் போக வேண்டியது வருஷா வருஷம் இங்கே இறங்கியிருக்கிறது. ராமசாமி ஒரு கல்லைப் போட்டார். சத்தம் வர நேரமாயிற்று.

பழனியம்மாள் குழியைச் சுற்றிலும் பார்த்தார். "இதுக்கு மதகு எங்க இருக்கு?"

"மதகு இல்லைக்கா."

"மாடு எறங்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப இதை எப்படி நீர்நிலைன்னு எழுதினீங்க?"

அரியலூர் போய் இயக்குநரிடம் தொலைபேசியில் பேசினேன். பழனியம்மாள் தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே நின்றிருந்தார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். "தண்ணீ தண்ணீதானேம்மா. குழியில இருந்தா என்ன, ஏரியில இருந்தா என்ன? மேலயிருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

"சார், இதுல மதகு இல்ல."

"மதகு நம்ம வகைப்பாட்டிலயே கிடையாதும்மா."

"அதான் சார் தப்பு."

நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. நேரில் வந்து பேசுங்கள் என்றார்.

நேரில் போய், பேனா வட்டங்களோடு அந்தப் படத்தை மேஜையில் விரித்தேன். அவர் ‘குளிக்க வேண்டாம்’ வரைக்கும் படித்தார். "இந்த ஆள் நம்மகிட்ட வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார். மூன்று நாள் வாதாடியதில் கடைசிப் பத்தி அடிபட்டது. ஏரி சுருங்கியதற்கு மழையின்மை, வண்டல், புதர், உள்ளே வந்த பயிர், வழியில் ஓடையை விழுங்கிய குழி என்று எல்லாக் காரணங்களும் உள்ளே வந்தன. குழிக்குத் தனியாக ஒரு நிறம் கொடுத்தோம். மீதியிருந்தது ஆரஞ்சு மட்டும்தான்.

சில மாதம் கழித்து பெரம்பலூரில் அந்த அறிக்கைமேல் ஒரு கூட்டம். பழைய படத்தையும் புதிய படத்தையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். பழனியம்மாள் ஊர்க்காரர்கள் சிலரோடு வந்திருந்தார். ஓடையைப் பள்ளத்தைச் சுற்றித் திருப்பிவிட வாய்க்கால் வெட்டித் தர வேண்டும் என்று கேட்டார். மேஜைக்கு அந்தப் பக்கமிருந்த அதிகாரி சிரித்துக்கொண்டே, "ஏரிக்குள்ள பயிர் வெச்சிருக்கீங்களே, அது யார் யாருது? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

ஊர்க்காரர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் படங்களைச் சுருட்டிவிடலாமா என்று நினைத்தேன். பழனியம்மாள் எழுந்து வந்து, புதிய படத்தில் ஏரியின் ஓரத்தில் இருந்த ஒரு சிவப்புக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது என்னுது. நிக்கிற கரும்பை வெட்டினதும் வுட்டுடறேன். வுட்டுட்டுதான் மத்தவங்ககிட்டப் போய்க் கேப்பேன். ஆனா வாய்க்காலை வெட்டிக் குடுங்க. தண்ணி வராத ஏரியைக் காலி பண்ணி என்ன பண்றது?"

அதிகாரி பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

வெளியே வந்ததும் ராமசாமி என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் மேடம், நாங்க கரும்பு வெச்சதுக்கப்புறம் எடுத்த படத்தை மட்டும் காட்டியிருக்கக் கூடாதா?" அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

கரும்பை வெட்டினார்கள். வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு தழைக்க விடவில்லை. பார்த்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று பேர் விட்டார்கள். விடாதவர்களும் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் பழனியம்மாளோடு இன்றுவரை பேசுவதில்லை. வாய்க்கால் கேட்ட அகலத்தில் பாதிதான் வந்தது. அதுவும் பல மனுக்களுக்குப் பிறகு.

2005 கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நான் அலுவலகத்தில் அந்த ஏரியின் படத்துக்காகக் காத்திருந்தேன். வந்த படத்தில் மேகம். அடுத்ததிலும் மேகம். அத்தனை வருடத்தில் ஏரி நிரம்ப வாய்ப்பிருந்த ஒரே மாதத்தில் எங்களுக்கு வெள்ளைப் பஞ்சுதான் தெரிந்தது.

வானம் வெளுத்த பிறகு ஒரு படம் வந்தது. ஏரி மறுபடி கறுப்பாக இருந்தது. பழைய அளவுக்கு இல்லை. வடக்கே குழியும் நிறைந்துதான் இருந்தது. ஆனால் அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தேடினேன்; அதைக் காணோம். அங்கே நல்ல கறுப்பு.

உடனே பழனியம்மாளுக்குத் தொலைபேசி செய்தேன்.

"அக்கா, உங்க கரும்புக்காடு முழுகிடுச்சு. படத்துல பாத்தேன்."

"அப்படியா. எவ்வளவு ஆழம்னு அதுல தெரியுதா?"

"ஆழமெல்லாம் தெரியாதுக்கா. மேலாப்புல மட்டும்தான் தெரியும்."

"இடுப்புக்கு மேல நிக்குது" என்றார். "நேத்து எறங்கிப் பாத்துட்டுதான் வந்தேன்."